மூலநிரலிலிருந்து பைத்தான்: எஸ்எஸ்எல் கூறு விடுபட்டதைச் சரிசெய்த என் அனுபவம்

உபுண்டு, சென்ட்ஓஎஸ் 7, மேக்ஓஎஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் பைத்தான் 3.10-ஐ மூலநிரலிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது. மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் தொகுப்பு வேலை எங்கும் தடையின்றி முடிந்தது. ஆனால் பைத்தானின் பொதி நிறுவியான பிப் வழியாக எதைத் தரவிறக்க முயன்றாலும், பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எஸ்எஸ்எல் கூறு இல்லை என்ற செய்தியே வந்தது.

தேவையான நூலகம் கிடைக்காத கூறுகளைப் பைத்தான் பிழையாகக் கருதுவதில்லை. தொகுப்பை நடத்தும் மேக் (make) கட்டளையின் கடைசி வரிகளில் அவற்றின் பெயர்களை மட்டும் பட்டியலிட்டுவிட்டு, வெற்றி என்றே முடித்துக்கொள்கிறது. திரை நிறைய வரிகள் ஓடியபின் வரும் அப்பட்டியலை எத்தனை பேர் படிப்பார்கள் என்பது ஐயமே.

எஸ்எஸ்எல் கூறுக்குத் தேவையான நூலகம் ஓப்பன்எஸ்எஸ்எல். உபுண்டுவில் அதன் மேம்பாட்டுப் பொதியை நிறுவியதும் சரியாகிவிட்டது. மேக்ஓஎஸ்ஸில், ஹோம்புரூ என்ற பொதி மேலாளர் நிறுவிய ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கும் கோப்புறையை, தொகுப்புக்கு முன் அமைப்புகளைத் தீர்மானிக்கும் கன்ஃபிகர் கட்டளைக்குத் தெரிவித்தால் போதும்.

சென்ட்ஓஎஸ்தான் படுத்தியது. பைத்தான் 3.10-க்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. அந்த இயங்குதளத்துடன் வருவதோ 1.0.2. கணினியின் சொந்த நூலகத்தில் கைவைப்பது ஆபத்து என்பதால், 1.1.1-ஐத் தனிக் கோப்புறையில் தொகுத்து நிறுவி, கன்ஃபிகரில் அந்தப் பாதையைக் கொடுத்ததோடு, இயங்கும்போதும் நூலகத்தை அங்கேயே தேடுமாறு ஆர்பாத் விருப்பத்தை 'ஆட்டோ' என்று அமைத்தேன். முந்தைய தொகுப்பின் மிச்சங்கள் குழப்பாதிருக்க, கன்ஃபிகருக்கு முன்பே 'மேக் டிஸ்ட்கிளீன்' இயக்குவது நல்லது.

நிறுவும்போது 'மேக் இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' என்று கொடுத்தேன். அப்போது பைத்தான்3 என்ற பொதுப்பெயரைப் புதிய பதிப்பு எடுத்துக்கொள்ளாது.