பணம், உறவு, மகிழ்ச்சி: தப்பும் கணக்குகள்

லாட்டரி அடித்தவரும் விபத்தில் முடங்கியவரும் ஒரு வருஷத்தில் ஒரே அளவு சந்தோஷத்துக்கு வந்துவிடுவார்களாம். மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் சுற்றும் கதை இது. நம்பாதீர்கள். இந்தக் கதை கிளம்பியது 1978இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து. பரிசு பெற்றவர்கள் 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்தவர்கள் 29 பேர். அப்போதைய மகிழ்ச்சிக்கு 5க்கு மதிப்பெண் கேட்டார்கள். பரிசு பெற்றவர்கள் 4.00, சாதாரண ஆட்கள் 3.82, விபத்துக்குள்ளானவர்கள் 2.96. இதில் சமம் எங்கே இருக்கிறது? அப்புறம் 2020இல் சுவீடனில் ஆயிரக்கணக்கான பரிசுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில், பெரிய தொகை தந்த வாழ்க்கைத் திருப்தி பத்து வருஷம் தாண்டியும் தங்கியிருந்தது.

'வருஷ வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் பணத்தால் பயனில்லை' என்பது அடுத்தது. உளவியலாளர் டேனியல் கானெமனும் பொருளாதார நிபுணர் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு சொல்வது. அதே கானெமன் 2023இல் மகிழ்ச்சியை ஆராயும் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தோடு சேர்ந்து திரும்பப் பார்த்தார். பெரும்பாலானோருக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடிக்கொண்டேதான் போனது. மகிழ்ச்சி மிகக் குறைந்த 20 சதவீதத்தினருக்கு மட்டும் சுமார் ஒரு லட்சம் டாலரோடு நின்றுவிட்டது. துக்கம், மனச்சோர்வு போன்றவற்றைச் சம்பளம் ஓரளவுக்கு மேல் தீர்ப்பதில்லை.

இன்னொன்று, கூடும் தொகையைவிட விகிதம்தான் முக்கியம். மாதம் 20,000 வாங்குபவருக்கு 5,000 கூடினால் வீட்டு வாடகைப் பயம் போகும். இரண்டு லட்சம் வாங்குபவருக்கு அது வந்ததே தெரியாது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளை விற்பது நஷ்ட வியாபாரம்.

'முதலில் சம்பாதிப்போம், சொந்தபந்தத்தை அப்புறம் பார்க்கலாம்' என்பதும் தப்புதான். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கி, ஒரே ஆட்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 50 வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்களே 80இல் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். அதைக் கணிக்க, கொலஸ்ட்ரால் அளவைவிட இதுவே உதவியது. (ஆரம்பத்தில் சேர்த்தவர்கள் எல்லோரும் ஆண்கள், ஒரே வட்டாரம். எல்லாருக்கும் அப்படியே பொருத்திவிடவும் கூடாது.) மொய்யை ஜிபேயில் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தால் நோட்டில் பெயர் ஏறும், அவ்வளவுதான்.

அதைவிட மோசம், சொந்தக்காரருக்குக் கைமாத்து கொடுத்துவிட்டுத் தேதி பேசாமல் விடுவது. கேட்கக் கூச்சம், கொடுக்க முடியாத கூச்சம். அடுத்த கல்யாணத்தில் இருவரும் வேறுவேறு பந்தியில் உட்காருவார்கள். கொடுக்கும்போதே தேதியைப் பேசிவிடுங்கள். இல்லையென்றால், திரும்ப வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள்.