பாலைவனத்தில் கேம்ப்கிரவுண்ட் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸில் வெயில் தணிய ஆரம்பித்ததும் நண்பர்கள் குழுவில் ஒரே கேள்விதான்: "இந்த லாங் வீக்கெண்டுக்கு எங்கே கேம்பிங் போகலாம்?" ஒரு வீட்டில் புது டென்ட் வாங்கியிருப்பார்கள். இன்னொரு வீட்டில் ஆர்வி, அதாவது உள்ளேயே படுத்துச் சமைக்கும் வசதியுள்ள வண்டி, வாடகைக்குப் பேசி முடித்திருப்பார்கள். இடம் மட்டும் முடிவாகியிருக்காது. புதிதாக இறங்குபவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே தவறுகளைச் செய்கிறார்கள். பெரும்பாலானவை நாங்களும் ஆரம்பத்தில் செய்தவைதான்.

தண்ணீர் நிறைய எடுங்கள், தொப்பி போடுங்கள், ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இடம் தேடுவதில் நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

தூரத்தைப் பார்ப்பார்கள், உயரத்தைப் பார்க்க மாட்டார்கள்

ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி. வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் வரும் ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் ஏறக்குறைய அதே உயரம்தான். மே மாதத்தில் ஃபீனிக்ஸ் வீட்டில் ஏசி போடாமல் தூங்க முடியாது; அதே இரவில் கேன்யன் விளிம்பில் குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கலாம். மெல்லிய போர்வையோடு போய், குழந்தைகளைக் காருக்குள் ஹீட்டர் போட்டுத் தூங்கவைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் ஃபர்னஸ் கிரீக் கேம்ப்கிரவுண்ட் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்தான் இன்றுவரை உலக சாதனை. ஜூலையில் அங்கே சைட் காலியாக இருப்பதைப் பார்த்து "அதிர்ஷ்டம்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கோடையில் அங்கே வண்டியைக் கொண்டுபோகவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும் ஆர்வி வாடகை நிறுவனங்கள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அந்தத் தேதிக்கு எந்த உயரம் தாங்கும் என்று பாருங்கள். ஊரை அப்புறம் தேடலாம். நவம்பர் முதல் மார்ச் வரை யூமா, குவார்ட்ஸைட், ஆஹோ, டூசான், பொரேகோ ஸ்பிரிங்ஸ் போன்ற தாழ்வான பக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஃப்ளாக்ஸ்டாஃப், மொகயோன் ரிம், ஒயிட் மவுண்டன்ஸ் பக்கம் மேலே ஏறிவிடுங்கள்.

தேசியப் பூங்கா என்றால் உள்ளே தங்க இடம் இருக்கும் என்ற நினைப்பு

சவாரோ தேசியப் பூங்காவுக்குள் காரோ ஆர்வியோ நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்ட் கிடையாது. பெட்ரிஃபைட் ஃபாரஸ்டிலும் இல்லை, ஒயிட் சாண்ட்ஸிலும் இல்லை. மாலையில் வாசலுக்குப் போய்த் தெரிந்துகொண்டால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பக்கத்திலேயே நல்ல மாற்று இடங்கள் உண்டு. சவாரோவின் மேற்குப் பகுதிக்கு அருகே பீமா கவுண்டி நடத்தும் கில்பர்ட் ரே, பெட்ரிஃபைட் ஃபாரஸ்டுக்குப் போகிறவர்களுக்கு வின்ஸ்லோ அருகே ஹோமொலோவி ஸ்டேட் பார்க், ஒயிட் சாண்ட்ஸுக்கு அலமகோர்டோ பக்கம் ஆலிவர் லீ ஸ்டேட் பார்க். ஸ்டேட் பார்க்குகளையும் கவுண்டி பார்க்குகளையும் புதியவர்கள் தேடுவதே இல்லை. எனக்கு அவைதான் முதல் தேர்வு.

கடைசி வாரத்தில் தேடுவது

கிராண்ட் கேன்யனின் மேதர் கேம்ப்கிரவுண்டுக்கு ஆறு மாதம் முன்பே ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு திறந்துவிடும். கேன்சல் ஆகும் சைட்டுகளுக்குத் தினமும் பாருங்கள்.

வாஷில் இறங்குவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒருவர் இதைச் செய்கிறார், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மழை பெய்தால் மட்டும் ஓடி, மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும் காட்டாறுகளை இங்கே வாஷ் என்பார்கள். பாலைவனத்தில் இடம் தேடி வரும் புதியவருக்கு அதைவிட அழகான இடம் கண்ணில் படாது. தரை சமமாக இருக்கும். கல் இருக்காது, முள் இருக்காது, வெள்ளை மணல் பரந்து கிடக்கும். இரண்டு ஓரத்திலும் பாலோ வெர்டே, அயர்ன்வுட், மெஸ்கீட் மரங்கள் நிழல் தரும். சுற்றிலும் மைல் கணக்கில் நிழலே இல்லாதபோது இங்கே மட்டும் மரம் ஏன் நிற்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். தண்ணீர் இந்த வழியாக வருவதால்தான் நிற்கிறது. கல்லும் முள்ளும் இல்லாததற்கும் அதே காரணம்தான்.

சாண்ட்லரில் இருக்கும் நண்பர் ஒருவர் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு 30 அடி ஆர்வி ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு குடும்பமாக ஆஹோவுக்குத் தெற்கே போனார். இடத்தை ஒரு செயலியில் பார்த்திருக்கிறார். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. "அண்ணா, செம இடம், சுத்தி யாருமே இல்லை, மரம் வேற இருக்கு" என்று ஒரு படம் அனுப்பினார். படத்தில் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பாலோ வெர்டே. அதன் அடிமரத்தில், இடுப்பு உயரத்தில், காய்ந்த புல்லும் குச்சியும் வைக்கோல் பிரி போலச் சுற்றிக்கொண்டு கிடந்தது. முன்பு எப்போதோ வந்த வெள்ளம் அந்த உயரத்தில் ஓடியதற்கான அடையாளம் அது. உடனே கூப்பிட்டேன். சிக்னல் போய்விட்டது.

அன்று மழை இல்லை, அந்த வகையில் பிழைத்தார்கள். வண்டி பிழைக்கவில்லை. மேலே கையளவு மணல் காய்ந்து இறுகியிருந்தது, அதற்குக் கீழே மாவு மாதிரி மணல். காலையில் கிளம்பப் பார்த்தபோது பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டியின் பின்சக்கரங்கள் சுற்றச் சுற்ற உள்ளே போய், அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டது. ஆளாளுக்குத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒருவர் மேட்டுக்கு ஏறிப் போய் சிக்னல் பிடித்து எனக்கும் ரோடுசைட் உதவிக்கும் போன் செய்தார். தார்ச்சாலையை விட்டு இறங்கிய வண்டிக்கு வரமாட்டோம் என்று உதவி எண்ணில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் வின்ச் வைத்த தனியார் டோ வண்டி வந்து இழுத்தது. அதற்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. மண் பாதையில் ஓட்டக் கூடாது என்ற விதியை மீறியதற்காக வாடகைக்கு விட்டவர்கள் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு குடும்பத்துக் குழந்தைகளும் பாதி நாள் வெயிலில்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இதைத் தடுக்கப் பத்து நிமிட நடை போதும். தெரியாத மண் பாதையில் ஆர்வியை இறக்கும் முன் நிறுத்துங்கள், இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். குதிகாலை ஊன்றித் திருப்பினால் புதைகிறதா? மணலில் ஒரே திசையில் அலை அலையாகக் கோடு விழுந்திருக்கிறதா? ஓரத்து மண் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நிற்கிறதா? மரத்தில் குப்பை சிக்கியிருக்கிறதா? காய்ந்த சேறு ஓடு ஓடாகச் சுருண்டு கிடக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது வாஷ்தான். சிறு கற்கள் நெருக்கமாகப் பதிந்த இறுகிய தரையில், ஏற்கெனவே மற்றவர்கள் வண்டி நிறுத்திய தடம் இருக்கும் மேட்டில் நிறுத்துங்கள். வெயில் படும், பரவாயில்லை.

செயலியில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் எந்த வண்டியில் போனார் என்றும் பாருங்கள். அந்த இடத்துக்கு நட்சத்திரம் போட்டவர்கள் நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப்பிலும் சிறிய வேனிலும் போனவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மதிப்பீடு 30 அடி ஆர்விக்கு உதவாது, அவ்வளவுதான்.

டென்ட் போடுபவர்கள் "நமக்குச் சக்கரம் புதையாதே" என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அரிசோனாவில் மான்சூன் காலம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. அந்த மாதங்களில் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு விழாமல், பல மைல் தள்ளி மலையில் கொட்டிய மழை வாஷ் வழியாக வந்து சேரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் நகருக்கு அருகே ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது அப்படித்தான். புயல் மழை பெய்தது தொலைவில். குளிர்காலத்திலும் மழைமேகங்கள் வரும். ஆகவே எந்த மாதமாக இருந்தாலும் வாஷில் படுக்காதீர்கள்.

இருட்டிய பிறகு புது இடத்தில் இறங்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். மரத்தில் சிக்கிய குப்பை பகலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தாமதமாகிவிட்டால் அன்றிரவு ஊருக்குள் ஒரு ஆர்வி பார்க்கில் தங்கிவிட்டு, காலையில் போய் இடம் பாருங்கள்.

வேலி இல்லாத நிலம் எல்லாம் பொது நிலம் என்று எண்ணுவது

பாலைவனத்தில் பெரும்பாலும் வேலி கண்ணில் படாது, ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. பி.எல்.எம். என்ற மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை வெளியிடும் வரைபடங்களில் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்: மஞ்சள் பி.எல்.எம்., பச்சை தேசிய வனம், வெளிர் நீலம் மாநில நிலம், வெள்ளை தனியார். மஞ்சளிலும் பச்சையிலும் பெரும்பாலான இடங்களில் காசில்லாமல் தங்கலாம்; பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள் என்பது வரம்பு. அரிசோனாவின் மாநில அறக்கட்டளை நிலத்துக்கு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். நவஹோ, தொஹோனோ ஓதாம் போன்ற பூர்வகுடி நாடுகளின் நிலத்தில் அவர்கள் அனுமதி இல்லாமல் தங்கவே கூடாது. ஆஹோ பக்கம் ராணுவப் பயிற்சி நிலமும் இருக்கிறது, அதற்கும் அனுமதி தேவை.

குவார்ட்ஸைட்டில் நூற்றுக்கணக்கான ஆர்விகள் வெட்டவெளியில் நிற்பதைப் பார்த்து நாமும் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே உள்ள லா போசா, பி.எல்.எம்.மின் நீண்டகாலத் தங்குமிடப் பகுதி. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே அனுமதிச்சீட்டு கட்டாயம்.

மாடுகளுக்கும் விலங்குகளுக்கும் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் டென்ட் போடாதீர்கள். கால் மைல் தள்ளி இருக்க வேண்டும் என்பது அரிசோனா சட்டம். நீங்கள் அங்கே விளக்கும் பாட்டுமாக உட்கார்ந்திருந்தால் தண்ணீர் குடிக்க வரும் பிராணி தாகத்தோடு திரும்பிவிடும்.

வண்டி நீளத்தைக் குத்துமதிப்பாகப் போடுவது

மேதரில் 30 அடிதான் வரம்பு. பெரிய வண்டிக்கு அருகிலேயே உள்ள ட்ரெய்லர் வில்லேஜில் 50 அடி வரை இடம் உண்டு, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உண்டு. ஜோஷுவா ட்ரீயின் ஹிட்டன் வேலியில் 25 அடி, அதுவும் இழுக்கும் காரையும் சேர்த்து. ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள் எந்த கேம்ப்கிரவுண்டிலும் ஆர்விக்கு இணைப்புகள் இல்லை.

போகும் வழியையும் பாருங்கள். யூட்டாவின் 261ஆம் சாலையில் மோக்கி டக்வே என்ற இறக்கம் இருக்கிறது: மூன்று மைல் சரளைப் பாதை, கொண்டை ஊசி வளைவுகள், 11 சதவீதம் வரை சரிவு. 28 அடிக்கும் 10,000 பவுண்டுக்கும் மேற்பட்ட வண்டிகள் வேண்டாம் என்று யூட்டா மாநிலமே எச்சரிக்கிறது. மேப் செயலிக்கு உங்கள் வண்டியின் நீளம் தெரியாது.

"எலெக்ட்ரிக்" என்று போட்டிருந்தால் எல்லாம் ஓடும் என்று நம்புவது

30 ஆம்ப் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட்ஸ். ஏசி ஓடும்போதே இன்டக்‌ஷன் அடுப்பில் சாம்பார் வைத்து, பக்கத்தில் மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். இரண்டு ஏசி உள்ள வண்டிக்கு 50 ஆம்ப் சைட்டே எடுங்கள். எலெக்ட்ரிக் சைட் என்றால் கழிவுநீர் இணைப்பும் இருக்கும் என்று அர்த்தமில்லை. வண்டியின் கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன் எங்கே என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

குழந்தைகளோடு 55+ பார்க்கில் பதிவு செய்வது

மேசா, அப்பாச்சி ஜங்ஷன், யூமா பக்கம் நிறைய ஆர்வி பார்க்குகள் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். போன் செய்து கேளுங்கள்.

காலி டென்ட்டை விட்டுவிட்டு நடக்கப் போவது

வசந்த காலக் காற்று அதைத் தூக்கிப் போய்விடும். உள்ளே கனமான பைகளை நான்கு மூலையிலும் வையுங்கள். மணலில் சாதாரண முளைக்குச்சி நிற்காது.

கடிகாரத்தை நம்புவது

அரிசோனா கோடைக்காக நேரம் மாற்றுவதில்லை. நவஹோ நாடு மாற்றுகிறது. அதற்கு நடுவே இருக்கும் ஹோப்பி நிலம் மாற்றுவதில்லை. மார்ச் முதல் நவம்பர் வரை மான்யுமென்ட் வேலியில் நேரம் ஃபீனிக்ஸைவிட ஒரு மணி முன்னால். பேஜ் நகரம் அரிசோனா நேரத்திலேயே இருக்கும். அந்தப் பக்கம் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். செக்-இன் நேரம், டூர் நேரம் எந்தக் கணக்கில் என்று பதிவு செய்யும்போதே கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.