கவிச்சியை விட்டால் இதயம் தப்பிவிடுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கவிச்சியை நிறுத்திவிட்டீர்களா?” என்பதுதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் மீன் வாங்காத வாரம் அரிது என்பதால், இங்கே அந்தக் கேள்விக்கு எடை அதிகம். மறுநாளே தட்டிலிருந்து மீன் குழம்பு போய்விடுகிறது. சோறு ஒரு கரண்டி கூடுகிறது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் வருகின்றன. இந்த மாற்றத்தால் ரத்தக்குழாய்க்கு ஒரு லாபமும் இல்லை.

தவறுகளிலேயே உயிருக்கு உலை வைப்பதை முதலில் சொல்கிறேன். ‘சைவமாகிவிட்டேன், இனி மாத்திரை எதற்கு?’ என்று தாமாகவே நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை இடையில் விட்டால், அந்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மீண்டும் மாரடைப்பு வரலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையும் அப்படித்தான். சைவ உணவால் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு சராசரியாக 10 சதவீதம் அளவில் குறையலாம். வீரியமான ஸ்டாடின் அதை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே, பல நேரங்களில் 55-க்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். வெறும் கீரையும் காயும் தின்று அந்த இடத்துக்கு வருபவர் மிகச் சிலரே.

அடுத்தது எண்ணெய். ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாக்கெட்டில் அச்சடித்திருப்பது பொய்யில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. சுற்றி வரும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதும் அதே கல்லீரல்தான். நிறைவுற்ற கொழுப்பு (பாக்கெட்டில் ‘saturated fat’ என்று இருப்பது) அதிகமாகச் சேரும்போது இந்தப் பிடிப்பு தளர்கிறது; மிஞ்சிய எல்டிஎல் ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் படிந்து தடிக்கிறது. நியாய விலைக் கடைப் பாமாயிலில் இந்த நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 40 சதவீதம். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. ஆட்டுக்கறியை விலக்கிவிட்டுப் பாமாயிலில் பொரித்த போண்டாவைத் தின்பவர், ஒரு வாசலை மூடி இன்னொன்றைத் திறந்து வைக்கிறார். புதுச்சேரி பேக்கரிகளில் அடுக்கியிருக்கும் வெஜ் பஃப்ஸும் இந்தக் கணக்கில்தான் வரும். எண்ணெய், கொழுப்புகளில், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் மாவு மடிப்புகளுக்குள் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பை அது தொடவில்லை.

மீனையும் ஆட்டுக்கறியையும் ஒரே கூடையில் போடுவது, கடற்கரையில் வாழும் நமக்குப் பெரிய இழப்பு. கடலூர் துறைமுகத்தில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, கானாங்கெளுத்தி போன்றவற்றில் இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. விலையுயர்ந்த வஞ்சிரம்தான் சத்து என்று எண்ண வேண்டியதில்லை. புளி கரைத்து, எண்ணெய் மட்டாக ஊற்றிக் கொதிக்க வைத்த மத்திக் குழம்பு வேறு. திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்த துண்டு வேறு. கருவாட்டை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் அது சாத்தியமில்லை. மோர் மிளகாய், வடாம், ஊறுகாய் என்று சாப்பிடும் சைவ வீட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அப்படியானால் சைவத்தால் பயனே இல்லையா? உண்டு. பிரிட்டனில் 48,000-க்கும் மேற்பட்டோரை ஏறக்குறைய 18 ஆண்டுகள் கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில், இறைச்சி உண்பவர்களைவிடச் சைவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவாக இருந்தது. மீன் உண்டு இறைச்சியை விலக்கியவர்களுக்கும் 13 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் சைவர்களுக்குப் பக்கவாதம் 20 சதவீதம் கூடுதலாக இருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் பகிர்வதும் ஒரு தவறுதான். தவிர, அங்குள்ள சைவத் தட்டும் நம் தட்டும் ஒன்றல்ல. மூன்று வேளையும் தீட்டிய அரிசியாகவே போனால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் இன்னொரு கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும், சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதையே பிரித்துப் பார்த்தது: முழுத்தானியம், பருப்பு, காய், கொட்டைகள் நிறைந்த தாவர உணவு இதய நோயைக் குறைத்தது, மாவும் இனிப்புமான தாவர உணவு அதைக் கூட்டியது.

புரட்டாசி விரதம் பக்திக்காக, அதை மதிக்கிறேன். ஒரு மாதம் விலக்கி, அது முடிந்த ஞாயிற்றுக்கிழமையே பிரியாணியில் ஈடுகட்டினால் அதை இதய சிகிச்சைக் கணக்கில் எழுதக் கூடாது. பண்ருட்டி முந்திரியைக் கொழுப்பு என்று ஒதுக்குவதும் தேவையில்லை. உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் வறுத்து ஒரு சிறு கைப்பிடி தின்னலாம். பால், தயிர்கூடக் குறைவாகச் சாப்பிடும் சைவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒல்லியாக, பிறவிச் சைவராக இருப்பவருக்கும் பரம்பரையால் எல்டிஎல் எகிறி நிற்கலாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால், தட்டில் என்ன இருந்தாலும் சரி, இந்த மாதமே கொழுப்புப் பரிசோதனை செய்துகொண்டு, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.