குளிருக்கு ஒரு பீடியா? புகையை விட நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் பையன்களை யாரும் புகைக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. கேரள எல்லையில் உள்ள கம்பம்மெட்டில் டீ குடிக்க நிற்கும்போது கூட வரும் அண்ணன் ஒருவர் நீட்டுவார். வேண்டாமென்றால் சின்னப் பையன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். கூடவே, "குளிருக்கு இதமா இருக்கும்டா" என்ற பேச்சு.

அந்தப் பேச்சை நம்புவதுதான் முதல் தவறு. புகையிலையில் உள்ள நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. விரல் நுனி இன்னும் குளிர்ந்துதான் போகும். இழுத்த சுமார் 10 நொடிகளில் அது மூளையை எட்டித் தரும் கிறக்கத்தைத்தான் இதம் என்கிறோம். அதோடு டீயும் குளிரும் ஜீப்புக்குக் காத்திருக்கும் நேரமும் மனதில் சேர்ந்து பதிந்துவிடுகின்றன.

பீடி வெறும் இலைதானே என்பதும் தவறு. அணையாமல் இருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்று சொல்லவே முடியாது. அதற்குப் பதில் இ-சிகரெட் என்றால், அதன் விற்பனைக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

சரி, விட முடிவு செய்துவிட்டீர்கள். மன உறுதி போதும் என்று அதே கடையில், அதே கூட்டத்தோடு போய் நிற்காதீர்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் வாரம்தான் கடினம்: எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அந்த வாரம் டீயை வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்புங்கள். "அண்ணே, விட்டுட்டேன், எனக்கு நீட்டாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆசை கிளம்பினால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை இரண்டு ஏலக்காயை மெல்லலாம். அதற்குப் பதிலாக வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறினால் வாய்ப் புற்றுநோயைத் தேடிப் போவதாகிவிடும்.

மருத்துவரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் வாங்கினால், மிட்டாய் சூயிங்கம் போல விடாமல் மெல்லாதீர்கள். எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வரும், பலனும் குறையும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். டீ குடித்த 15 நிமிடத்துக்குள் போடவேண்டாம்.

அப்புறம், நடுவில் ஒருநாள் ஒன்றை இழுத்துவிட்டால் எல்லாம் போச்சு என்று ஒரு கட்டு பீடி வாங்கிவிடாதீர்கள். முழுதாக விட்டவர்களில் பலர் முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் அல்லர். எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது கை போனது என்று பாருங்கள். அடுத்த நாள் அந்த நேரத்தை மட்டும் மாற்றுங்கள். தனியாகச் சமாளிக்க முடியவில்லையென்றால் 1800 11 2356 என்ற அரசின் இலவச உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.