சென்னை முதல் புதுச்சேரி வரை: ஃபிளைட் சிமுலேட்டரில் வரைபடம் பார்த்து வழித்திட்டம் போடுவது எப்படி?

விமானம் ஓட்டும் அனுபவத்தைக் கணினியில் தரும் ஃபிளைட் சிமுலேட்டரில் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் சொடுக்கினால் நடுவே ஒரு கோடு தானாக விழும். ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டால் விமானம் அந்தக் கோட்டின் மேலேயே போய்ச் சேரும். இங்கே நாம் செய்யப்போவது அதுவல்ல. எத்தனையாவது நிமிடத்தில் கண்ணாடிக்கு வெளியே என்ன தெரிய வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொண்டு, செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தைக் கையால் ஓட்டப்போகிறோம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு நேர்க்கோட்டில் சுமார் 65 கடல் மைல். வழியில் மலை இல்லை, கரையோரம் கூடவே வரும். முதல் பயிற்சிக்கு இதைவிடத் தோதான வழி அமைவது கடினம்.

தேவையானவை

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் அல்லது எக்ஸ்-பிளேன். கூடவே லிட்டில் நேவ்மேப் என்ற இலவச மென்பொருள். சிமுலேட்டரிலேயே வரைபடம் இருக்கும்போது இது எதற்கு என்றால், தூரம், திசை, நேரம், தரையின் உயரம் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டுவது இதுதான். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தாள் கட்டாயம்.

1. தரவை ஏற்றுதல்

லிட்டில் நேவ்மேப்பைத் திறந்ததும் சீனரி லைப்ரரி மெனுவுக்குப் போய், உங்கள் சிமுலேட்டரைத் தேர்ந்தெடுத்து, லோட் சீனரி லைப்ரரி கொடுங்கள். மைக்ரோசாஃப்டின் 2024 பதிப்பு வைத்திருப்பவர்கள் சிமுலேட்டரை ஓடவிட்டபடிதான் இதைச் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டால் வரைபடத்தில் ஒரு ரன்வே, சிமுலேட்டரில் வேறொரு ரன்வே என்று குழப்பம் வரும். புதிய விமான நிலைய ஆட்-ஆன் போடும்போதெல்லாம் மறுபடியும் ஏற்றுங்கள்.

2. வழியை எழுதுதல்

தேடல் பகுதியில் சென்னையின் குறியீடான விஓஎம்எம் என்று அடித்து, வலது சொடுக்கில் புறப்படும் இடமாக வையுங்கள். புதுச்சேரியின் குறியீடு விஓபிசி. அதைச் சேருமிடமாக வையுங்கள். இப்போது இடையில் இரண்டு புள்ளிகளைச் சேர்க்க வேண்டும்: மாமல்லபுரம், மரக்காணம். வரைபடத்தில் அந்த இடத்தில் வலது சொடுக்கி, அந்தப் புள்ளியை ஃபிளைட் பிளானில் சேர்க்கும்படி கொடுக்கலாம்.

அட்சரேகை, தீர்க்கரேகையாகவும் அடிக்கலாம். மாமல்லபுரத்துக்கு 1237, அடுத்து வடக்கைக் குறிக்கும் ‘என்’, பிறகு 08012, கடைசியில் கிழக்கைக் குறிக்கும் ‘இ’ என்று ஆங்கில எழுத்துகளில், நடுவே இடைவெளி விடாமல் அடியுங்கள். மரக்காணத்துக்கு எண்கள் 1212, 07957. தீர்க்கரேகை மூன்று இலக்க டிகிரி என்பதால் முன்னால் பூஜ்யம் வேண்டும். பலரும் அதை விட்டுவிட்டு, மென்பொருள் ஏற்கவில்லை என்று முழிப்பார்கள். இரண்டு இலக்கங்களான நிமிடம் 59-ஐத் தாண்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். கூகுள் மேப்ஸ் தரும் 12.617 போன்ற தசம எண்ணை அப்படியே இங்கே போட்டால் புள்ளி எங்கோ போய் விழும். 0.617-ஐ 60-ஆல் பெருக்கினால்தான் 37 நிமிடம் கிடைக்கும்.

மாமல்லபுரத்தைத் தாண்டியதும் கோடு கல்பாக்கத்தை உரசிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். அணுமின் நிலையம் இருப்பதால் நிஜத்தில் அங்கே பறக்கத் தடை உண்டு. சிமுலேட்டரில் யாரும் தடுக்கப்போவதில்லை. நிஜம் போலவே போக வேண்டுமென்றால், கோட்டை மவுஸால் பிடித்துக் கடல் பக்கம் இழுத்து வளைத்துவிடுங்கள். கோட்டை இழுத்தால் அந்த இடத்தில் புதிய புள்ளி தானாக முளைக்கும்.

3. உயரம்

2,500 அடி போதும். கரையோர அடையாளங்கள் தெளிவாகத் தெரியும். கீழே இருக்கும் உயரப் படத்தில் தரை எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று பாருங்கள். இதே பழக்கத்தில் ஊட்டிப் பக்கம் 2,500 அடி என்று திட்டம் போட்டால் அந்தப் படத்தில் கோடு மலைக்குள் நுழைந்திருக்கும். 3,000 அடிக்கு மேல் பறப்பதென்றால் திசைக்கேற்ப உயரம் மாறும்: காந்தத் திசை (காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் டிகிரி) 180 முதல் 359 வரை இருந்தால் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500, அதாவது 4,500 அல்லது 6,500.

4. தாளில் எழுத வேண்டியது

விமானத்தின் வேகத்தை 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

சென்னை – மாமல்லபுரம்: திசை ஏறத்தாழ 180, தூரம் 23 கடல் மைல், பன்னிரண்டரை நிமிடம்.
மாமல்லபுரம் – மரக்காணம்: திசை ஏறத்தாழ 210, 29 கடல் மைல், 16 நிமிடம்.
மரக்காணம் – புதுச்சேரி: திசை ஏறத்தாழ 210, 16 கடல் மைல், எட்டேமுக்கால் நிமிடம்.

மென்பொருள் காட்டும் நேரம் இதோடு ஒத்துப்போகவில்லையா? அதில் இருக்கும் விமானத் திறன் கோப்பு உங்கள் செஸ்னாவுக்கானது அல்ல. அதைத் திறந்து வேகம் 110, எரிபொருள் மணிக்கு 9 கேலன், கையிருப்பு 5 கேலன் என்று மாற்றுங்கள். இந்தப் பயணத்துக்கு ஏறுவதையும் ஓடுதளத்தில் ஊர்வதையும் சேர்த்தாலும் 20 கேலன் தாராளம்.

அடையாளங்களையும் வரிசையாக எழுதுங்கள். முட்டுக்காடு காயல், கோவளம், கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய், கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாற்றின் அகன்ற முகத்துவாரம், மரக்காணத்தில் உப்பளங்களும் கழுவேலி ஏரியும். எக்ஸ்-பிளேனின் இயல்பான நிலக்காட்சியில் செயற்கைக்கோள் படம் கிடையாது என்பதால் உப்பளம் தெரியாமல் போகலாம். அங்கே நீர்நிலைகளையும் சாலைகளையும் மட்டும் நம்புங்கள்.

5. காற்று

புதியவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் இதனால்தான். பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து 15 நாட் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 210 திசையில் போகும் விமானத்தை அது சுமார் 13 நாட் வேகத்தில் வலப்பக்கம் தள்ளும். 16 நிமிடத்தில் மூன்றரை கடல் மைல் உள்நாட்டுக்குள் போயிருப்பீர்கள். அதைச் சரிக்கட்ட மூக்கை 7 டிகிரி இடப்பக்கம், அதாவது 203-க்கு வையுங்கள். இடப்பக்கச் சன்னலில் கரை மெல்ல விலகிக்கொண்டே போனால் திருத்தம் போதவில்லை என்று பொருள்.

சென்னைப் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு 2 டிகிரிக்குள்தான். அதை மறந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சியாட்டில் பக்கம் பறந்தால் அது சுமார் 15 டிகிரி. ஆகவே தாளில் எழுதுவது எப்போதும் காந்தத் திசையாகவே இருக்கட்டும்.

6. சிமுலேட்டருக்கு அனுப்புதல்

லிட்டில் நேவ்மேப் தன் சொந்தக் கோப்பு வகையில்தான் சேமிக்கும். சிமுலேட்டர் அதைப் படிக்காது. தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் 2020 பதிப்பில் உலக வரைபடத் திரையின் கீழே உள்ள லோட் பொத்தானை அழுத்தி, எக்ஸ்போர்ட் செய்த பிஎல்என் கோப்பைக் கணினியிலிருந்து எடுங்கள். எக்ஸ்-பிளேனில் அவுட்புட் கோப்புறைக்குள் இருக்கும் எஃப்எம்எஸ் பிளான்ஸில் கோப்பை வைத்தால் விமானத்தின் ஜிபிஎஸ்ஸில் தெரியும்.

விமானம் வரைபடத்தில் நகர்வதைப் பார்க்க, டூல்ஸ் மெனுவில் சிமுலேட்டரோடு இணைக்கலாம். எக்ஸ்-பிளேனுக்கு அதற்கான செருகுநிரலை முதலில் பிளகின்ஸ் கோப்புறையில் போட வேண்டும். ஆனால் முதல் சில பயணங்களில் அந்தச் சாளரத்தை மூடியே வையுங்கள். நகரும் விமானப் படம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் ஒருவரும் வெளியே பார்ப்பதில்லை.

7. பறக்கும்போது

ரன்வே 07-இல் (எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் அதன் திசை: 070) ஏறினால் நேரே கடலைப் பார்த்துப் போவீர்கள்; கரையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்புங்கள். 25 என்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். தென்மேற்கே சுமார் 6 கடல் மைலில் தாம்பரம் விமானப்படைத் தளம் இருக்கிறது. ஏதோ காரணத்தால் திரும்பி வரும்போது அந்த ரன்வேயைச் சென்னை என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். ரன்வே எண்ணைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

புறப்பாட்டில் இப்படிச் சுற்றுவதால் முதல் பகுதியின் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும். மாமல்லபுரத்துக்கு மேல் வந்ததும் நேரக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். அப்போதே திசைகாட்டும் கைரோ கருவியைக் (நேரம் போகப்போக அது விலகும்) காந்தத் திசைமானியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் அதற்கு டி விசை. பிறகு பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை. பாலாற்று முகத்துவாரம் சில நிமிடங்களில் வர வேண்டும். வரவில்லையென்றால் திசையை மாற்றித் தேடாமல், கரையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடையாளம் வரை போங்கள்.

புதுச்சேரிக்கு 8 கடல் மைல் இருக்கும்போது நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்கத் தொடங்குங்கள். தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், இறங்குவதற்காக ரன்வேயைச் சுற்றிப் பறக்கும் வழக்கமான சுற்றில் சேர வேண்டும். ரன்வே 07 பயன்பாட்டில் இருந்தால் வேலை எளிது: நீங்கள் வடக்கிலிருந்து வருவதால் 210-இலிருந்து 250-க்கு வலப்பக்கம் சற்றே திரும்பினால் இடது டவுன்விண்டில், அதாவது ரன்வேயை இடப்பக்கம் வைத்து இறங்கும் திசைக்கு எதிராக இணையாகப் பறக்கும் பகுதியில் இருப்பீர்கள். ரன்வேயின் முனை இடப்பக்க இறக்கைக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரியும்போது இடப்பக்கம் திரும்புங்கள். எதிரே விரிந்து தெரிவது ஊசுட்டேரி. அதன் கரை வரை போய்விட்டால் திரும்பும் இடத்தை எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.