வெண்தலைக் கழுகு கூடு கட்டுவதைத் தண்டையார்பேட்டையிலிருந்து பார்ப்பது எப்படி

அமெரிக்காவில் வெண்தலைக் கழுகுகளின் கூட்டருகே கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். முட்டை வைத்துவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் அந்தக் கழுகு கேமராவைத் திறக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கும் மேலே ஒரு பறவை குந்தியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும், இரண்டே நாளில் அலுத்துப்போய் மூடிவிடுவார்கள். அக்டோபர், நவம்பரிலேயே போய் உட்காருங்கள் என்பேன் நான். ஜோடி திரும்பி வந்து, பழைய கூட்டைச் சுற்றிப் பார்த்து, குச்சி கொண்டுவந்து, அந்தக் குச்சியை எங்கே வைப்பது என்று சண்டை போட்டு, பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஒட்டி உட்கார்ந்திருக்கும் கூத்தெல்லாம் அப்போதுதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். கழுகு என்றதும் செத்த மாட்டைச் சுற்றி உட்காரும் பிணந்தின்னியை நினைக்காதீர்கள். இது மீன் பிடிக்கும் கடற்கழுகு இனம். நம் கரையோரத்தில் பறக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு நெருங்கிய சொந்தம். ‘பால்ட் ஈகிள்’ என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்து மொட்டைக் கழுகு என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் தலை நிறைய இறகு இருக்கிறது, வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வெள்ளையும் ஐந்து வயது வாக்கில்தான் முழுதாக வரும். பூச்சிமருந்து டிடிடி முட்டை ஓட்டை மெலிதாக்கி, அலாஸ்கா தவிர்த்த அமெரிக்காவின் பெருநிலப்பகுதியில் 1963-இல் கூடு கட்டும் ஜோடிகள் 417-க்கு வந்துவிட்டன. 1972-இல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2007-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

எந்தக் கூட்டைப் பார்ப்பது? முதல் தடவை என்றால் கலிஃபோர்னியாவில் பிக் பேர் பள்ளத்தாக்கில் இருக்கும் ஜாக்கி, ஷேடோ ஜோடிதான். ஜாக்கி பெண், ஷேடோ ஆண். ஏரிக்கரை மலைக்காட்டில் ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தில், சுமார் 145 அடி உயரத்தில் கூடு. ஒரு கேமரா கூட்டுக்குள்ளேயே பார்க்கும், இன்னொன்று தள்ளி நின்று மரத்தையும் ஏரியையும் காட்டும். யூடியூபில் அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைப் போட்டுத் தேடினால் நேரலை வந்துவிடும். சீக்கிரம் தொடங்க ஆசைப்படுபவர்கள் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் பக்கத்துக் கூட்டைப் பார்க்கலாம். அங்கே செப்டம்பர், அக்டோபரிலேயே குச்சி வரத் தொடங்கும். 2022 செப்டம்பர் கடைசியில் இயன் புயல் அந்தக் கூட்டை அப்படியே பெயர்த்துப் போட்டுவிட்டது. ஹேரியட் என்ற பெண்ணும் எம்15 என்ற ஆணும் முதல் குச்சியிலிருந்து தொடங்கிக் கட்டி, அந்த சீசனிலேயே முட்டையும் வைத்தன. புயலுக்குப் பிறகு வீட்டைத் திரும்ப நிமிர்த்துவது என்றால் என்ன என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது நேரக் கணக்கு. இதைச் சரியாகப் பிடிக்காமல்தான் பலர் இருட்டுத் திரையைப் பார்த்துவிட்டு ‘ஒண்ணுமே இல்லையே’ என்று போய்விடுகிறார்கள். நவம்பரின் முதல் ஞாயிறிலிருந்து மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு வரை பிக் பேர் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் பன்னிரண்டரை. அதாவது டிசம்பரில் இங்கே ராத்திரி எட்டே கால் என்றால் அங்கே சூரியன் எட்டிப் பார்க்கிறது. இங்கே காலை ஆறு தாண்டினால் அங்கே இருட்டுகிறது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் விடியல் ஷிப்டு, மார்கழியில் அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர் சத்தத்தில் முழிப்பு வந்தால் அவர்களின் பிற்பகல் ஷிப்டு. நான் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிறவன், நைட் டூட்டியில் வண்டி வராத இடைவெளியில் ஒரு முழுப் பகலையே அங்கே பார்த்துவிடுவேன். ஃப்ளோரிடாவுக்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், சாயங்காலம் ஐந்தரை வாக்கில் விடியும். ராத்திரி முழிக்க முடியாதவர்களுக்கு அதுதான் தோது.

நம் பகல் அவர்களின் இரவு, அப்போதும் படம் ஓடும், ஆனால் அகச்சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையாக. காலியாகத் தெரிகிறதே என்று மூடாதீர்கள், பிக் பேரில் பறக்கும் அணில்கள் கழுகுக் கூட்டுக்குள்ளேயே ஏறி வந்து சுற்றிவிட்டுப் போகும். சாப்பாட்டு நேரத்தில் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பேன்.

யூடியூப் நேரலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை பின்னால் இழுக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. காலையில் எழுந்து இழுத்தால் அவர்களின் முழுப் பகலும் கிடைக்கும். பழையதைப் பார்க்கும்போது வேகத்தை இரண்டாக வைத்து ஓட்டுங்கள், கழுகு வந்து இறங்கினால் கண்ணில் படாமல் போகாது, அங்கே நிறுத்திச் சாதாரண வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். போன் டேட்டாவில் பார்க்கிறீர்கள் என்றால் படத் தரத்தை 480-க்கு இறக்குங்கள், மணிக்குச் சுமாராக அரை ஜி.பி.தான் போகும். அரட்டைப் பெட்டியை மூடிவிடுங்கள், அது கண்ணை இழுக்கும். சத்தத்தை மட்டும் மூடாதீர்கள், இயர்போன் போட்டால் இறங்குவதற்கு முன்பே இறக்கைச் சத்தம் கேட்கும். குரலைக் கேட்டு ஏமாந்து போவீர்கள், இவ்வளவு பெரிய பறவை கீச்சுக் குரலில் கத்தும். சினிமாவில் கழுகுக்குப் போடும் கம்பீரக் கூவல் பெரும்பாலும் செவ்வால் பருந்துடையது.

எது ஆண், எது பெண்? இரண்டும் ஒரே நிறம். பெண்தான் பெரியது, சுமார் கால் பங்கு கூடுதல் எடை. தனியாக ஒன்று நிற்கும்போது ஊகிக்காதீர்கள், இரண்டும் ஒன்றாக வரும்வரை காத்திருந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலகின் தடிமனைப் பாருங்கள், பெண்ணுக்கு அலகு மேலிருந்து கீழாக ஆழமாக இருக்கும். ஒரு வாரம் போனால் நடையிலேயே தெரிந்துவிடும்.

இனி குச்சி. ஒரு குச்சி வந்தால் அதோடு விஷயம் முடிவதில்லை, தொடங்குகிறது. கழுகின் கூடு ஐந்தாறு அடி அகலம், ஒரு கட்டில் அளவு. வருஷா வருஷம் மேலே மேலே சேர்ப்பதால் அது வளர்ந்துகொண்டே போகும். ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் 1963-இல் அளந்த ஒரு கூடு 2.9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம், எடை இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும் என்று கணித்தார்கள். பெரிய குச்சிகள் ஓரத்துக்குப் போகும், குஞ்சு விழாமல் தொட்டில் சட்டம் மாதிரி. அதை வைக்கும் விதத்தைக் கவனியுங்கள். அலகால் பிடித்து, ஏற்கனவே இருக்கும் இரண்டு குச்சிக்கு நடுவே நுழைத்து, தலையை ஆட்டி ஆட்டி உள்ளே சொருகும். பிடிக்கவில்லை என்றால் உருவி எடுத்து இன்னொரு இடம். ஷேடோ தன் உடம்பைவிட நீளமான குச்சியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கும், அது ஜாக்கியின் முதுகில் இடிக்கும், ஜாக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே குச்சியின் மறுமுனையைப் பிடித்து எதிர்த் திசையில் இழுக்கும். ஒருநாள் இப்படிப் பதினோரு நிமிஷம் ஒரே குச்சி. எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, அவன் கொண்டாந்து போட்டுக்கினே இருக்கான், இவ தள்ளிக்கினே இருக்கா, மேஸ்திரிய மாத்துனா சரியாப்பூடும்" என்றார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடை தூக்கி விற்றவர். கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள். முதல் நாள் வெள்ளைத் தலையைப் பார்த்து இதற்கும் போட்டுக்கொண்டார். இந்தக் குச்சிச் சண்டைக்குப் பிறகு நிறுத்திவிட்டார்.

சட்டம் ஓரளவு எழும்பியதும் சரக்கு மாறும். காய்ந்த புல், பைன் ஊசி, மரப்பட்டை நார் என்று மெத்தை சமாச்சாரம் வரத் தொடங்கினால் நாள் நெருங்குகிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு குழி உருவாகும், முட்டை உருளாமல் இருக்க. அதைக் காலால் மட்டும் செய்யாது, நெஞ்சை உள்ளே அழுத்திப் படுத்து, காலால் பின்பக்கம் மண்ணைத் தள்ளுகிற மாதிரி உதைத்து, கொஞ்சம் திரும்பி மறுபடி படுக்கும். ஒரு சுற்று முடிவதற்குள் கிண்ணம் விழுந்திருக்கும். இதைப் பார்த்தால் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பது என்றால் பெரிய நோட்டு எல்லாம் வேண்டாம். நான் தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மேலே அவர்கள் தேதி, கீழே நம் தேதி. இரண்டையும் போடாவிட்டால் குழம்பிப்போவீர்கள், நமக்கு வெள்ளி விடிந்தாலும் அங்கே வியாழன்தான். எத்தனை குச்சி, யார் கொண்டு வந்தது, மெத்தைப் புல் வந்ததா, மீன் வந்ததா, அவ்வளவு போதும்.

மீனையும் எண்ணுங்கள். ஆண் மீனைக் கொண்டுவந்து பெண்ணிடம் விட்டுவிட்டு ஓரமாக நிற்பது அடிக்கடி நடந்தால், ஜோடி தயாராகிறது. இணை சேர்வதும் அந்த வாரங்களில்தான், சில நொடிதான், அம்மா பக்கத்தில் இருந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடலாம். அப்புறம் பெண் கூட்டை விட்டு நகர யோசிக்கும், இறகை உப்பிக்கொண்டு மந்தமாக நிற்கும், ராத்திரியிலும் கூட்டிலேயே இருக்கும். முட்டை வரும் நேரத்தில் பாதி எழுந்த நிலையில் முதுகு கூனி, வால் ஏறி இறங்கும். ஒன்று முதல் மூன்று முட்டை, மூன்று நாள் வாக்கில் இடைவெளி. பிக் பேரில் இது பெரும்பாலும் ஜனவரியில், ஃப்ளோரிடாவில் நவம்பர், டிசம்பரில்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். 2025-இல் ஜாக்கி ஜனவரி 22, 25, 28 என்று மூன்று முட்டை வைத்தது. மூன்று மாதம் குச்சி எண்ணியவன், முதல் முட்டை அன்று எங்கள் தெருமுனையில் ரோடு தோண்டியதில் கேபிள் அறுந்து நெட் போனது. போன் பண்ணினால் ‘இதோ வர்றோம் சார்’ என்றார்கள், வந்தது மறுநாள். அதற்குள் பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது, பின்னால் இழுத்தால் முட்டை ஏற்கனவே கீழே இருக்கிறது. ஆகவே புல் வரத் தொடங்கியதுமே போனில் ஒரு டேட்டா பேக் தனியாகப் போட்டு வையுங்கள், வீட்டு நெட்டை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, மனசைக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். 2024-இல் இதே ஜோடி பனி மேலே மூடினாலும் எழாமல் மூன்று முட்டைகளை வாரக்கணக்கில் அடைகாத்தது, ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. 2025-இல் மூன்றும் பொரிந்து, மார்ச்சில் பனிப்புயலில் ஒரு குஞ்சு போய்விட்டது. மற்ற இரண்டும் சன்னி, கிஸ்மோ என்று பெயர் வாங்கிப் பறந்தன. அண்டங்காக்கை முட்டைக்கு வரும். யாராவது ஏறிப்போய்க் காப்பாற்றக்கூடாதா என்று தோன்றும். ஆள் ஏறினால் கழுகு கூட்டையே கைவிட்டுவிடும் ஆபத்து உண்டு, அதனால் சீசனில் அந்த மரத்துப் பக்கமே ஆளை விடமாட்டார்கள்.

சரி, கேமராவில் கண் பழகிவிட்டது என்றால் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். நம் கரும்பருந்தும் செம்பருந்தும் கூடு கட்டுவது கிட்டத்தட்ட இதே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில்தான். கரும்பருந்துக்கு மரமே வேண்டும் என்றில்லை, செல்போன் டவர் போதும். தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள், கோழித்தோல் வீசிப் பழக்காதீர்கள், டவரில் ஏறவே ஏறாதீர்கள். வாயில் குச்சியோடு ஒரு பருந்து போனால் அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று மட்டும் கண்ணால் தொடருங்கள், இரண்டு மூன்று நாளில் இடம் தெரிந்துவிடும். பைன் ஊசிக்குப் பதிலாக இங்கே கம்பி, கந்தல், பிளாஸ்டிக் கயிறு.

போன பொங்கல் முடிந்த வாரம், அம்மா மாடியில் கருவாடு காயப்போட்டுக் காவல் இருந்தார். பருந்து என்றால் கம்பு தூக்குகிறவர். அன்றைக்கு ஒரு பருந்து கருவாட்டை விட்டுவிட்டுக் கொடியில் கிடந்த கரித்துணியை உருவிக்கொண்டு போயிருக்கிறது. நான் டூட்டி முடிந்து வந்ததும் கையில் காலண்டர் தாளைக் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொன்னார்: "டவர்ல மூணாவது தட்டு, மேற்கால மூலை. இவ தனியாத்தான் கட்றா, அவன இன்னும் காணோம்."