வீட்டில் யோகா பழக மேட் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யோகா பழகத் தொடங்கும் பலரும் ஆர்வத்தோடு வாங்கும் மேட், சில மாதங்களிலேயே கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. பயிற்சி நின்றுபோனதற்குச் சோம்பல்தான் காரணம் என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வார்கள். ஆனால், கை வழுக்கி, கணுக்கால் ஆடி, மணிக்கட்டு வலித்து, ஒவ்வோர் ஆசனத்திலும் விரிப்போடு மல்லுக்கட்ட நேர்ந்தவருக்கு ஆர்வம் குறைவது இயல்பே. இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியை வாங்கும்போதே தவிர்த்துவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தடிமனைக் கண்டு மயங்குவது. 10 அல்லது 15 மி.மீ. தடிமனுள்ள நுரை விரிப்பை விரலால் அழுத்திப் பார்த்தால் மெத்தைபோல் இதமாக இருக்கும். நானும் அந்த இதத்தை நம்பி 12 மி.மீ. விரிப்பு ஒன்றை வாங்கினேன். படுத்துச் செய்யும் பயிற்சிகளில் குறையேதும் தெரியவில்லை. விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்றபோதுதான் உண்மை புரிந்தது. பாதத்தின் வெளி விளிம்பு ஒரு பக்கம் அமிழ, அதைச் சரிசெய்யப் பெருவிரல் மறுபக்கம் அழுந்த, கணுக்கால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தது. வெறுந்தரையில் அரை நிமிடம் அசையாமல் நின்ற அதே கால், அந்த விரிப்பின்மேல் பத்து நொடி நிற்கவில்லை. கைகளுக்கும் இதே நிலைதான்: உள்ளங்கையின் அடிப்பகுதி நுரைக்குள் புதையும்போது மணிக்கட்டு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பின்னோக்கி மடிகிறது. கைகளை ஊன்றும் ஆசனங்களில் உடலின் பாரம் அந்த மடிப்பின்மேல் இறங்குவதால், மணிக்கட்டுக்கு நல்லது என்று எண்ணி வாங்கிய மென்மையே அதற்கு வலியைத் தந்துவிடுகிறது.

பெரும்பாலோருக்கு 4 முதல் 6 மி.மீ. வரை போதும். முழங்கால் தரையில் பட்டால் வலிக்கிறது என்பவர், அதற்காக விரிப்பு முழுவதையும் தடிமனாக வாங்க வேண்டியதில்லை. தேவைப்படும் ஆசனத்தில் மட்டும் முழங்காலுக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்துக்கொள்ளலாம். தடிமனைவிட அடர்த்தி முக்கியம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒரே 5 மி.மீ. அளவுள்ள இரண்டு விரிப்புகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்திப் பாருங்கள். ஒன்றில் இரு விரல்களும் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும். மற்றொன்று எதிர்த்து நிற்கும். எதிர்த்து நிற்பதுதான் முழங்காலையும் தாங்கும், பாதத்தையும் நிலையாக வைத்திருக்கும்.

அடுத்தது பிடிமானம். கடையில் உலர்ந்த கையால் தடவிப் பார்த்து முடிவு செய்வது போதாது. வீட்டில் பத்துச் சுற்று சூரிய நமஸ்காரம் முடிந்தபின் வியர்த்த கைதான் அந்த விரிப்பின்மேல் நிற்கப் போகிறது. நுண்துளைகள் திறந்திருக்கும் பொருள் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு நன்றாகப் பற்றும். ஆனால் அழுக்கையும் வாடையையும் சேர்த்தே உறிஞ்சும், உலரவும் நேரமாகும். துளைகள் மூடியிருக்கும் பொருளைத் துடைப்பது எளிது; வியர்வை அதிகமானால் வழுக்கும். தக்கையின் (கார்க்) இயல்பு வேறு: சற்று ஈரம் பட்டால் அதன் பிடி கூடும், காய்ந்திருக்கும்போது குறையும். ஆகவே, உள்ளங்கை எளிதில் வியர்ப்பவருக்குப் பொருந்துவது, கை வறண்டிருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் ஐந்து மூச்சு நின்று பாருங்கள். கைகள் முன்னோக்கி மெல்ல நகர்ந்தால், அதைத் தடுக்கத் தோளும் கழுத்தும் இறுகுவதை உடனே உணரலாம். புதிய பி.வி.சி. விரிப்புகள் மட்டும் முதல் சில நாட்கள் மேற்பரப்பில் உள்ள படலத்தால் வழுக்குவதுண்டு; ஈரத் துணியால் சிலமுறை துடைத்துப் பழகிய பிறகே அவற்றைக் குறைகூற வேண்டும்.

மேற்பக்கத்தை இவ்வளவு கவனிப்பவர்களும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. வழவழப்பான தரையில் விரிப்பே நகர்ந்தால், கால்களை அகட்டி நிற்கும் வீரபத்ராசனம் ஆபத்தானது. இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, எடை குறைவானதைத் தேடுவது. வகுப்புக்குத் தோளில் சுமந்து செல்பவருக்கு அது நியாயம். வீட்டிலேயே பழகுபவருக்கு இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ரப்பர் விரிப்பு ஒரு சுமையே இல்லை. தரையோடு படிந்து கிடப்பதும், ஓரம் சுருளாமல் இருப்பதும் அந்த எடையால் கிடைக்கும் நன்மைகள்.

நீளத்தை நம் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்குவதும் பரவலாக நடக்கிறது. வழக்கமான விரிப்பு சுமார் 173 செ.மீ. நீளமும் 61 செ.மீ. அகலமும் உள்ளது. அந்த உயரத்தை ஒட்டியவரோ அதைத் தாண்டியவரோ சவாசனத்தில் படுத்தால் தலை அல்லது குதிகால் தரையில் கிடக்கும். நம் உயரத்தைவிட ஒரு சாண் அளவாவது நீளமாக இருப்பது நல்லது, 183 செ.மீ. நீளத்திலும் அதற்கு மேலும் விரிப்புகள் கிடைக்கின்றன.

‘இயற்கையானது’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இயற்கை ரப்பர் நன்றாகப் பற்றும், நீடித்து உழைக்கும் என்பதில் ஐயமில்லை; ஆனால் அதில் லேடெக்ஸ் எனப்படும் ரப்பர் பால் உண்டு. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்கவே வேண்டும். பருத்தி, சணல் விரிப்புகள் அமர்ந்து செய்யும் பிராணாயாமத்துக்கும் தியானத்துக்கும் அருமையானவை. அசைவு மிகுந்த பயிற்சிக்கு அவற்றின் பிடி பலருக்குப் போதுவதில்லை.

பராமரிப்பையும் வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். சீக்கிரம் உலரட்டும் என்று ரப்பர் விரிப்பை உச்சி வெயிலில் காயப்போட்டால் நாளடைவில் அது வெடித்து உதிரும். நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டாலே போதும். எண்ணெய் தேய்த்த உடலோடும், கிரீம் பூசிய கையோடும் விரிப்பில் ஏறினால் எத்தனை நல்ல மேற்பரப்பும் வழுக்கத் தொடங்கும். கைகளும் பாதங்களும் வழக்கமாகப் பதியும் நான்கு இடங்களை அவ்வப்போது தடவிப் பாருங்கள். அங்கே துடைத்த பின்பும் மழமழப்பு நீங்கவில்லை என்றாலோ, துகள் துகளாக உதிர்ந்தாலோ, அந்த விரிப்பை மாற்றும் காலம் வந்துவிட்டது.